டிக்கெட்டும் சில்லறையும் மேஜைமேல்: இது விட்டுக்கொடுத்தலா?

கேள்வி: திருமணமாகி ஆறு ஆண்டுகள். கணவர் குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. ஆனால் என் சம்பளம் வந்த அன்றே அவர் கணக்குக்குப் போய்விடுகிறது. தினமும் வேலை முடிந்து வந்ததும் பஸ் டிக்கெட்டையும் மீதிச் சில்லறையையும் மேஜைமேல் வைக்க வேண்டும். அக்கா வீட்டுக்குப் போகக் கேட்டேன், விடவில்லை. அம்மாவோ, ‘குடும்பம் என்றால் விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும்’ என்கிறார். எனக்குத்தான் பொறுமை போதவில்லையா?

பதில்: ‘கேட்டேன், விடவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. கணவரிடம் சொல்லிவிட்டுப் போவது வேறு, விடுவாரா என்று காத்திருப்பது வேறு.

விட்டுக்கொடுத்தல் நல்ல குணம்தான். ஆனால் கையில் இருப்பதைத்தானே விட்டுக்கொடுக்க முடியும்? ‘முடியாது’ என்று சொல்லவே வழியில்லாதபோது அந்தப் பெயர் பொருந்தாது. ஆகவே உங்கள் பொறுமையை எடைபோடுவதை நிறுத்திவிட்டு, நீங்கள் கடைசியாக மறுத்த நாளில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுநாள் சரியாகிவிட்டால் அது எல்லா வீட்டிலும் இருக்கிற மனத்தாங்கல். நாள்கணக்கில் பேசாமல் இருப்பது, செலவுக்குத் தராமல் நிறுத்துவது, உங்கள் வீட்டாரை ஏசுவது என்று மறுப்புக்கெல்லாம் தண்டனை வந்தால், அடக்கம் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் பயம். பாராட்டையும் கவனியுங்கள். ‘உன்னைப்போல் மனைவி கிடைக்காது’ என்பது நீங்கள் பணிந்த நாட்களில் மட்டும் வருகிறதா?

சம்பளத்தை ஒரே கணக்கில் போடுவதே தவறு என்று சொல்ல மாட்டேன். மனமொத்துச் செய்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கணக்கை நீங்களும் பார்க்க முடிகிறதா, அவருடைய டிக்கெட்டும் மேஜைக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. (வராது என்றுதான் நினைக்கிறேன்.)

‘அடிக்கவில்லையே’ என்ற சமாதானம் சட்டத்தில் செல்லாது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வார்த்தையாலும் மனத்தளவிலும் வதைப்பதையும், பெண்ணுக்கு உரிய பணத்தை அவளுக்குக் கிடைக்காமல் செய்வதையும் வன்முறையாகவே கணக்கில் எடுக்கிறது. இதற்கென அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மனுச் செய்யலாம். விவாகரத்துக் கேட்க வேண்டியதில்லை. அதே வீட்டில் இருந்துகொண்டே பாதுகாப்பு உத்தரவு பெறலாம். மனுக் கொடுத்தாலே கணவர் சிறைக்குப் போய்விடுவார் என்று பயந்து பலர் பின்வாங்குகிறார்கள். அப்படியில்லை. உத்தரவை அவர் மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ.

நாளைக்கே மனுப் போடுங்கள் என்று சொல்லவில்லை. சம்பளக் கணக்கைத் திடீரென்று மாற்றுவதும் இப்போது வேண்டாம். கட்டுப்பாடு கை நழுவும் நேரத்தில்தான் இதுவரை அடிக்காதவரும் அடிக்கக்கூடும். முதலில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசுங்கள், அதுவும் அவர் எடுத்துப் பார்க்காத போனிலிருந்து. சான்றிதழ்கள், அடையாள அட்டைகளின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். தம்பதியாக ஆலோசனைக்கு வரச் சொல்லி யாராவது அழைத்தால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போது உங்களால் மனம் திறக்க முடியாது. திறந்தாலும் வீட்டுக்குப் போனபின் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். தனியாகச் செல்லுங்கள்.

அம்மாவிடம் ‘கொடுமை’ என்ற சொல்லோடு பேச்சைத் தொடங்காதீர்கள். அவர் உடனே ‘அடிக்கிறாரா?’ என்று கேட்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒருநாள் அந்த டிக்கெட்டையும் சில்லறையையும் அவர் முன் வைத்து, தினமும் மாலையில் நடப்பதை நடந்தபடியே சொல்லுங்கள்.