அறக்கட்டளைக்கு நன்கொடையாளர் மென்பொருள்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறோம். நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி அனுமதி உண்டு. நன்கொடையாளர்கள் 900 பேர் இருப்பார்கள். பாதிப் பேர் மும்பையிலும் துபாயிலும். ரசீது புத்தகமும் எக்செல்லும்தான் கணக்கு. சிஆர்எம், அதாவது நன்கொடையாளர் விவரங்களை ஒரே இடத்தில் வைத்துப் பராமரிக்கும் மென்பொருள், வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் இலவசம் என்கிறார் ஒருவர். தென்காசி மத்தளம்பாறையிலேயே இருக்கும் ஜோஹோ நிறுவனத்தின் சிஆர்எம்தான் சரி என்கிறார் இன்னொருவர். எதை எடுக்க?

பதில்: பெயரை அப்புறம் பார்க்கலாம். மே மாதம் உங்கள் ஆடிட்டர் என்ன கேட்பார் என்பதை முதலில் பாருங்கள். 2021-22 நிதியாண்டிலிருந்து, 80ஜி பெற்ற அறக்கட்டளைகள் நன்கொடை விவரங்களைப் படிவம் 10பிடியில் ஏற்றி, கொடுத்தவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டியிருக்கிறது. நிதியாண்டு முடிந்து வரும் மே 31 கடைசி நாள். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். தாக்கல் செய்யாமலே விட்டால் 10,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதமும் வரலாம். அடையாள எண், பெயர், முகவரி, நன்கொடை வகை, பணம் வந்த வழி, தொகை என அந்தக் கோப்பு கேட்கும் எல்லாவற்றையும் சிஎஸ்வியாக (எக்செல்லில் திறக்கும் எளிய பட்டியல் கோப்பாக) எடுத்துத் தராத மென்பொருள் உங்களுக்கு வேண்டாம். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. படிவம் மாறினால் தலைப்புகளை நீங்களே மாற்றிக்கொள்ள முடியுமா, ஒவ்வொரு முறையும் விற்றவருக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

டெமோவில் அவர்கள் கொண்டுவரும் மாதிரிப் பட்டியலை நம்பாதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே குழப்பமான 50 பதிவுகளைக் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பட்டியல் எங்கே உதைக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஜோஹோ, சேல்ஸ்ஃபோர்ஸ் இரண்டிலும் கடைசிப் பெயர் கட்டாயம். நமக்கோ இனிஷியலும் பெயரும்தான். 'எஸ். இசக்கிமுத்து' என்பவரை ஒரு ஊழியர் எஸ் என்ற கடைசிப் பெயரில் போடுவார், இன்னொருவர் இசக்கிமுத்து என்று போடுவார். ஒரே ஆள் இரண்டு பதிவாகிவிடுவார். சான்றிதழில் பெயர் பான் அட்டையில் உள்ளபடி வர வேண்டும் என்பதால், 'பான் அட்டைப் பெயர்' என்று தனிக் கட்டம் வையுங்கள். இரட்டைப் பதிவைக் கைபேசி எண்ணை மட்டும் வைத்துப் பிடிக்கவும் கூடாது, ஒரே எண்ணை வீட்டில் நாலு பேர் கொடுத்திருப்பார்கள். பான் எண் இருந்தால் அதுவே நம்பகமான சாவி. தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்தால், எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்திருக்கிறீர்கள். தமிழ் எழுத்துகளைக் காப்பாற்றும் யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமியுங்கள்.

யூபிஐ வரவையும் சோதியுங்கள். வங்கிக் கணக்கில் பணம் தெரியும், கொடுத்தவரின் பான் தெரியாது. 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை ரசீதோடு இணைக்கக் கட்டம் இல்லையென்றால் ஏப்ரல், மே முழுக்கப் போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது. ரசீது போடும்போதே எச்சரிக்கும்படி அமைக்க முடிந்தால் நல்லது.

இனி பெயர்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்குப் பத்து லைசென்ஸ் இலவசமாகத் தருகிறது. அதை உங்கள் வேலைக்கு ஏற்ப அமைக்கத் தெரிந்தவருக்குத்தான் செலவு. மூன்று பேர் அலுவலகத்துக்கு அது கனமான வண்டி. ஜோஹோ சிஆர்எம்மின் இலவசப் பதிப்பு மூன்று பேர்வரை; அது விற்பனைக்காகச் செய்தது, நன்கொடைக்கு நீங்கள்தான் மாற்றியமைக்க வேண்டும். சிவிசிஆர்எம் தொண்டு நிறுவனங்களுக்கென்றே எழுதப்பட்ட திறமூல மென்பொருள், லைசென்ஸ் கட்டணம் இல்லை. ஆனால் சர்வரும், அதைப் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும். அப்படி ஒருவர் பாளையங்கோட்டையிலோ நெல்லையிலோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் 900 பேருக்கு அதைத்தான் சொல்வேன். இல்லையென்றால் ஜோஹோ.

விலை பேசும்போது பழைய எக்செல்லை ஏற்றித் தரும் கூலி, வாட்ஸ்அப் செய்திக் கட்டணம், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. ஜிஎஸ்டி பதிவில்லாத அறக்கட்டளைக்கு அது திரும்பி வராது.

கேள்வி: துபாய் நன்கொடையாளர்களைத் தனியாகப் பிரிக்க வேண்டுமா?

பதில்: நாட்டை வைத்து அல்ல, குடியுரிமையை வைத்து. இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நம்மூர்க்காரர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், கொடுத்தால் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டப்படியான பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது, பதிவு இருந்தாலும் புது டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும். ஆகவே 'குடியுரிமை' கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள், பாஸ்போர்ட் நகலை மென்பொருளில் அவருடைய பதிவோடு இணைத்து வையுங்கள்.

கேள்வி: விற்றவர் கடையை மூடிவிட்டால்?

பதில்: பணம் கட்டுவதற்கு முன்பே முழு டேட்டாவையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். பெயர்ப் பட்டியல் மட்டும் வந்தால் போதாது. ரசீது எண், தேதி, தொகை, ஏற்றிவைத்த பான் நகல்கள் எல்லாம் வர வேண்டும். நிர்வாகிக் கணக்கு விற்றவரின் மின்னஞ்சலில் இல்லாமல் அறக்கட்டளையின் மின்னஞ்சலில் இருக்கட்டும். மாதம் ஒரு பேக்கப் எடுத்து, கணினிக்கு வெளியே ஒரு டிஸ்க்கில் கடவுச்சொல் போட்டு வையுங்கள். உள்ளே பான் எண்கள் இருக்கின்றன.