ட்ரேயில் விட்ட கடிகாரம், உடைந்து வந்த பூட்டு: யாரிடம் கேட்பது?

கேள்வி: நான்கு நாட்களுக்கு முன் சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் வந்தேன். பாதுகாப்புச் சோதனையில் அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றி ட்ரேயில் வைத்தேன். டெல்லியில் இறங்கி மணி பார்க்கக் கையைத் திருப்பியபோதுதான் அது இல்லை என்று தெரிந்தது. போதாக்குறைக்கு, செக்-இன் செய்த பெட்டி பூட்டு உடைந்து வந்தது. விமான நிறுவனத்துக்கு போன் செய்தால், இரண்டுக்குமே "செக்யூரிட்டியைக் கேளுங்கள்" என்கிறார்கள். யாரிடம் போவது?

பதில்: அவர்கள் சொன்னதில் பாதிதான் சரி. கடிகாரத்துக்குப் பாதுகாப்புப் பிரிவைக் கேட்க வேண்டும். பூட்டுக்கு விமான நிறுவனமேதான் பதில் சொல்ல வேண்டும். காணாமல் போன நேரத்தில் பொருள் யார் பொறுப்பில் இருந்தது என்பதை வைத்துத்தான் எல்லாமே முடிவாகும். இது தெரியாமல் ஒரு கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டருக்கு அலைந்து, கடைசியில் சலித்துப்போய் விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லக்கேஜ் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கடிகாரம். அது திருட்டுப் போயிருக்கும் என்று இப்போதே முடிவுகட்டாதீர்கள். எக்ஸ்ரே மெஷினுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மூன்று ட்ரே போடுகிறீர்கள். பை இருக்கும் ட்ரேயை மட்டும் சந்தேகத்தில் பக்கத்து வரிசைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நீங்கள் அந்தப் பையைத் திறந்துகாட்டப் போய்விடுகிறீர்கள். மற்ற இரண்டும் ரோலரில் உருண்டு கடைசிவரை போய் நிற்கின்றன. அதற்குள் பின்னால் வந்தவரின் ட்ரேகள் அவற்றை முட்டித் தள்ளுகின்றன. பையை மூடியதும் லேப்டாப், போன், செருப்பு என்று பெரிய சாமான்களை அள்ளிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடுவோம். கறுப்பு வாரும் சாம்பல் முகப்புமாக ஒரு கடிகாரம், அதே சாம்பல் நிற ட்ரேயின் மூலையில் கிடந்தால் கண்ணில் படாது. ட்ரே இல்லாமல் பெல்ட்டிலேயே போட்ட சின்னப் பொருள் என்றால், மெஷின் வாயில் தொங்கும் ரப்பர் திரையில் தட்டி இடுக்கில் விழுவதும் உண்டு. பெரும்பாலான கேஸ்கள் இப்படித்தான்.

அப்படிக் கிடைக்கும் பொருளை அங்கே பணியிலிருக்கும் சி.ஐ.எஸ்.எஃப். (மத்திய தொழில் பாதுகாப்புப் படை) வீரர்கள் பதிவு செய்து, விமான நிலையத்தை நடத்தும் நிர்வாகத்தின் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' பிரிவில் ஒப்படைப்பார்கள். சென்னையில் அந்த நிர்வாகம் இந்திய விமான நிலைய ஆணையம். டெல்லி, மும்பை, பெங்களூரு என்றால் அங்கே நடத்துகிற கம்பெனி. ஆக, நீங்கள் டெல்லியில் இருந்தாலும் கேட்க வேண்டிய இடம் சென்னைதான். சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கு டி1, டி4 என்று இரண்டு டெர்மினல் இருக்கின்றன. அந்தப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, எதிலிருந்து கிளம்பினீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். சி.ஐ.எஸ்.எஃப். இணையதளத்திலும் விமான நிலைய வாரியாகக் கிடைத்த பொருட்களின் பட்டியல் உண்டு. பயணம் செய்த தேதியையும் அடுத்த இரண்டு மூன்று தேதிகளையும் பாருங்கள். "ரிஸ்ட் வாட்ச்" என்று ஒற்றை வரியில்தான் போட்டிருப்பார்கள், நிறுவனத்தின் பெயரைத் தேடிவிட்டு இல்லை என்று திரும்பிவிட வேண்டாம்.

மின்னஞ்சலில் தேதி, விமான எண், சோதனையைக் கடந்த நேரம், எத்தனையாவது வரிசை, பொருளின் அடையாளம் எல்லாம் இருக்கட்டும். போர்டிங் பாஸ் நகலையும் இணையுங்கள். நேரம் சரியாக நினைவில்லையா? சோதனைக்கு முன்னும் பின்னும் போனில் எடுத்த படம், காபிக்குப் பணம் அனுப்பிய யுபிஐ பதிவு என்று எதையாவது பாருங்கள். "காலை 6.10 முதல் 6.25 வரை, மூன்றாவது வரிசை" என்று எழுதினால் கேமரா பதிவைப் பார்க்க ஒருவர் உட்காருவார். "காலையில்" என்று மட்டும் எழுதினால் உட்கார மாட்டார். அந்தப் பதிவுகளையும் ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் இன்றே எழுதுங்கள்.

பதிவில் வேறு பயணி எடுத்துக்கொண்டு போனது தெரிந்தால், தவறுதலாகவும் இருக்கலாம். அவருடைய விமானத்தை வைத்துத் தொடர்புகொள்ள முடியும். வேண்டுமென்றே எடுத்தது போலத் தெரிந்தால் விமான நிலையக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். காணாமல் போனது போன் என்றால் போலீஸ் புகார் நகலுடன் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கிவிடலாம்.

ஒருவேளை சோதனையின்போது லேப்டாப் கீழே விழுந்து திரை உடைந்தால்? அங்கிருந்து ஒரு அடி நகராமல் ஷிஃப்ட் பொறுப்பு அதிகாரியைக் கேளுங்கள். சத்தம் போட வேண்டியதில்லை. இந்த நேரத்தில், இந்த வரிசையில், இப்படி உடைந்தது என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இழப்பீடு சுலபமாகக் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தத் தாள் இல்லாவிட்டால் பேச்சே கிடையாது.

பாட்டி பைக்குள் வைத்திருந்த பாக்குவெட்டியை எடுத்துவைத்துவிட்டார்கள் என்றும் சிலர் கேட்பதுண்டு. அது காணாமல் போன கணக்கில் வராது. நேரம் இருந்தால் அங்கேயே சொல்லிவிட்டு விமான நிறுவனக் கவுண்டருக்குத் திரும்பிப்போய் செக்-இன் பெட்டியில் போடுங்கள். விட்டுவிட்டுப் போனால் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, இப்போது பெட்டி. செக்-இன் கவுண்டரில் ஒப்படைத்த நிமிடத்திலிருந்து பெல்ட்டில் உங்கள் கைக்கு வரும்வரை அது விமான நிறுவனத்தின் பொறுப்பு. நடுவில் எக்ஸ்ரே எடுத்தது யாராக இருந்தாலும் பயணியான நீங்கள் அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. "செக்யூரிட்டியைக் கேளுங்கள்" என்று உங்களைக் கைகழுவியது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

பெல்ட் இருக்கும் ஹாலைவிட்டு வெளியே வருமுன்பே பி.ஐ.ஆர். எனப்படும் புகார்ப் படிவத்தை எழுதி நகல் வாங்கியிருக்க வேண்டும். வெளியே வந்துவிட்டீர்கள், பரவாயில்லை. சேதத்துக்கு 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம், உங்களுக்கு இன்னும் 3 நாள் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் வழக்கே தொடரலாம். ஆனால் அந்த 7 நாள் தாண்டிவிட்டால் பெட்டி நல்லபடியாகத்தான் வந்தது என்று எடுத்துக்கொள்வார்கள்.

பூட்டு, சக்கரம், கைப்பிடி போன்றவற்றை 'தேய்மானம்' என்று ஒதுக்குவது நிறுவனங்களின் வழக்கம். எனவே பூட்டுக்காகச் சண்டை போடுவதைவிட உள்ளே என்ன குறைகிறது என்று பாருங்கள். அடுத்த முறை பூட்டு உடைந்து வந்தால் அங்கேயே பெட்டியை எடைபோடச் சொல்லுங்கள். செக்-இன் எடை அவர்கள் கணினியில் இருக்கும். அங்கே 14.6 கிலோ, இங்கே 13.1 கிலோ என்றால் ஒன்றரை கிலோ எங்கே போனது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். இதைவிட வலுவான சாட்சி பயணியின் கையில் வேறு கிடையாது. ஆனால் மிகச் சிலரே கேட்கிறார்கள்.

தொகையைப் பொறுத்தவரை, 2019ல் வெளியான மத்திய அரசின் பயணிகள் சாசனப்படி உள்நாட்டுப் பயணத்தில் உச்சவரம்பு ஒருவருக்கு 20,000 ரூபாய். வெளிநாட்டுப் பயணத்துக்கு 1999ஆம் வருட மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதில் 2024 டிசம்பர் 28 முதல் வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இதெல்லாம் உச்சவரம்புதான், போன பொருளின் மதிப்பை நீங்கள் காட்ட வேண்டும். நகை, பணம், லேப்டாப் போன்றவற்றுக்குப் பொறுப்பில்லை என்று டிக்கெட் நிபந்தனையிலேயே போட்டிருப்பார்கள், அவற்றைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். நிறுவனம் பதில் தராவிட்டால் விமானப் பயணிகளின் புகாருக்கான மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோருக்கு ஒன்று. அங்கே டி.எஸ்.ஏ. என்ற அரசு அமைப்பே பெட்டியைத் திறந்து பார்க்கும், பார்த்ததற்கு ஒரு அச்சடித்த தாளை உள்ளே வைக்கும். அந்தத் தாளைப் பார்த்துப் பயந்துபோய்க் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள். அவர்கள் சோதனையில் ஏதாவது உடைந்திருந்தால் எஸ்.எஃப்.-95 என்ற படிவத்தில் இரண்டு வருடத்துக்குள் டி.எஸ்.ஏ.விடமே இழப்பீடு கேட்கலாம். அவர்களிடம் சாவி இருக்கும் வகைப் பூட்டு இல்லையென்றால் உடைத்துத் திறப்பார்கள், அந்தப் பூட்டுக்குப் பணம் தர மாட்டார்கள்.

மறுபடி உங்கள் கடிகாரத்துக்கு வருகிறேன். மின்னஞ்சலில் எல்லா அடையாளத்தையும் கொட்டிவிடாதீர்கள். முதுகுப்புறத்தில் ஒரு கீறலோ, வார் மாற்றிய துளையோ இருந்தால் அந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கப் போகும்போது "உங்களுடையதுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள். சென்னையில் இருக்கும் உறவினரை அனுப்புவதாக இருந்தால், உங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், உங்கள் அடையாள அட்டை நகல், அவருடைய அசல் அடையாள அட்டை மூன்றையும் கொடுத்து அனுப்புங்கள்.