பேருந்து மோட் எக்ஸ்இ கோப்பாக வந்தால்?

அண்ணாச்சி, யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கம்ப்யூட்டர் கேமுக்கு நெல்லை–தென்காசி பஸ் மோட் (கேமில் புதிதாகச் சேர்க்கும் கோப்பு) இறக்கினால் எக்ஸ்இ கோப்பு, அதாவது திறந்ததும் இயங்கும் புரோகிராம், வருகிறது, விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்கச் சொல்கிறார்கள் என்றீர்கள். தொடவே தொடாதீர்கள். வீட்டு நாயைக் கட்டிப் போடச் சொல்லிவிட்டு உள்ளே வருகிறவனை நம்புவோமா?

இந்த கேமுக்கு மோட் எஸ்சிஎஸ் கோப்பாகத்தான் வரும், சிலது ஜிப்பில் இருக்கும். எந்த புரோகிராமையும் இயக்கவே வேண்டாம். டாக்குமென்ட்ஸில் கேம் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் 'மோட்' ஃபோல்டர் இருக்கும். எஸ்சிஎஸ் கோப்பை அதில் போட்டு, கேமில் மோட் மேனேஜரைத் திறந்து ஆன் செய்தால் பஸ் வந்துவிடும். கேம் வெர்ஷன் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்டீம் என்ற கேம் கடையின் மோட் பகுதியான ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

அந்த எக்ஸ்இ கோப்பை ஏற்கெனவே திறந்துவிட்டீர்களா? டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்கள். அப்புறம் ஸ்டீம், ஜிமெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் வேண்டாம், போனில்.