எண்ணத் தெரிகிறது, எத்தனை என்று தெரியவில்லை: மழலையர் வகுப்பு ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லித் தரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் வேலை. கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "அடுத்த வாரம் என்ன ஆக்டிவிட்டி செய்யலாம்?" என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

மழலையர் வகுப்பு ஆசிரியை: மேடம், ரெண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். அருமையா இருந்துச்சு. பை நிறைய ஆக்டிவிட்டி அட்டைகளோட திரும்பி வந்தேன். ஒரு வாரம் செஞ்சேன், அப்புறம் எல்லாம் அலமாரிக்குள்ள போயிடுச்சு. என்கிட்டதான் குறையா?

இல்லை. அந்தப் பயிற்சியின் அமைப்பே அப்படி. ஆசிரியர் பயிற்சிகளை ஆராய்ந்த ஜாய்ஸ், ஷவர்ஸ் இருவரும் 1980களிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். விளக்கமும் செய்முறைக் காட்சியும் மட்டும் கிடைத்தால் ஆசிரியருக்கு விஷயம் புரியும், வகுப்பறைக்குள் அநேகமாக வந்து சேராது. திரும்பிப் போன பிறகு கூடவே ஒருவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துப் பேசினால்தான் நிலைக்கும்.

இன்னொன்றும் உண்டு. முதலில் ஆசிரியரின் மனசை மாற்ற வேண்டும், பிறகு வகுப்பு தானாக மாறும் என்றுதான் பயிற்சி நடத்துபவர்கள் நினைக்கிறார்கள். கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி 1986இல் அதைத் தலைகீழாக்கினார். பிள்ளைகளிடம் ஒரு மாற்றத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆசிரியருக்கு நம்பிக்கையே வருகிறது என்றார். ஆகவே அந்த அலமாரியைத் திறந்து ஒரே ஒரு அட்டையை மட்டும் எடுங்கள். மாதம் முழுக்க அதையே செய்யுங்கள். எந்தப் பிள்ளையிடம் என்ன மாறியது என்று தினம் ரெண்டு வரி எழுதுங்கள். மற்ற அட்டைகள் எங்கேயும் ஓடிவிடாது.

நான்கு வயதுப் பிள்ளைகளின் ஆசிரியை: என் வகுப்பில் ஒரு பையன் நூறு வரை கடகடவென்று சொல்கிறான். "ஐந்து கல் எடுத்துக் கொடு" என்றால் கையில் வந்ததை அள்ளிக் கொடுக்கிறான். விளையாட்டுத்தனமா?

இதற்குத்தான் நிறைய எழுத வேண்டும். எண்களை வரிசையாகச் சொல்வது ஒரு திறமை. 'ஐந்து' என்பது ஓர் அளவு என்று புரிந்துகொள்வது முற்றிலும் வேறு. 1978இல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரு ஆய்வாளர்கள், எண்ணுவதற்குள் ஐந்து விதிகள் ஒளிந்திருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான். சொற்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எங்கிருந்து தொடங்கினாலும் விடை ஒன்றே. உங்கள் பையனுக்கு இரண்டாவது விதி கைவந்திருக்கிறது, மூன்றாவது இன்னும் வரவில்லை.

1990 வாக்கில் கேரன் வின் செய்த சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் பதினைந்து பொத்தான்கள், பக்கத்தில் ஒரு பொம்மை. "பொம்மைக்கு ஒரு பொத்தான் குடு." கொடுப்பான். "ரெண்டு குடு." கொடுப்பான். "மூணு குடு." ஒரு பிடி அள்ளி வைப்பான். "எண்ணிப் பாரு" என்றால் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று பிசகில்லாமல் எண்ணுவான். "அப்போ இது மூணா?" என்று கேளுங்கள். "ஆமா" என்று தலையாட்டினாலும் ஆட்டுவான்! பொய் சொல்லவில்லை. எண்ணி முடித்த கடைசிச் சொல்லுக்கும் அந்தக் குவியலுக்கும் உள்ள உறவு அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

பிள்ளைகள் இதில் படிப்படியாகத்தான் ஏறுகிறார்கள். சில மாதங்கள் 'ஒன்று' மட்டும், பிறகு 'இரண்டு', பிறகு 'மூன்று'. மூன்று அல்லது நான்கைத் தாண்டியதும் ஒரு நாள் சட்டென்று எல்லா எண்ணுக்கும் சூத்திரம் புரிந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். மொத்தத்தை முதலில் சொல்லிவிட்டு உடனே எண்ணிக் காட்டுங்கள்: "இங்க பாரு, மூணு பொத்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு." வெறுமனே எண்ணுவதைவிட இது அதிகம் உதவுகிறது. நூறுக்கு மேல் சொல்லவைப்பதை இப்போதைக்கு விடுங்கள். ஒரு தாளில் பிள்ளைகளின் பெயர், எதிரே அவரவர் நிற்கும் எண். உங்களுக்கு வேண்டிய மதிப்பீட்டுப் பதிவேடு அவ்வளவுதான்.

அதே கேள்வியின் தொடர்ச்சியாக, இன்னொருவர்: ஐந்து வயதுப் பெண் சரியாக எண்ணுகிறாள். ஆனால் ஆறாறு கல்லாக இரண்டு வரிசை வைத்து, ஒன்றை மட்டும் அகலமாகப் பரப்பினால் "இதுதான் நிறைய" என்கிறாள். திருத்தட்டுமா?

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே காட்டிய புகழ்பெற்ற விஷயம் இது. அந்த வயதில் சகஜம். "தப்பு" என்று சொல்லிப் பயனில்லை. இரண்டு வரிசையையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், மறுபடி பரப்புங்கள், அவளையே பேச விடுங்கள்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்: அக்கா, எனக்குப் பள்ளியிலிருந்தே கணக்கென்றால் நடுக்கம். சின்னப் பிள்ளைகளென்றால் கணக்கு இருக்காது என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன். என் பயம் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

ஒளிக்காமல் சொல்கிறேன், ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. 2010இல் சையன் பைலாக்கும் சகாக்களும் ஒன்று, இரண்டாம் வகுப்பு ஆசிரியைகள் 17 பேரையும் அவர்களுடைய மாணவர்களையும் ஓராண்டு கவனித்தார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியையின் பயத்துக்கும் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை. ஆண்டு முடிவில், பயம் மிகுந்த ஆசிரியையிடம் படித்த பெண் பிள்ளைகளில் "கணக்கு ஆம்பளப் பசங்களுக்குத்தான் வரும்" என்று நினைக்கத் தொடங்கியவர்களின் கணக்கு மதிப்பெண் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் அலட்சியப்படுத்த முடியாது.

"எனக்குக் கணக்கு வராதும்மா" என்பதை வகுப்பில் வேடிக்கைக்குக்கூடச் சொல்லாதீர்கள். மற்றபடி, இந்தப் பயத்துக்கு மருந்து தன்னம்பிக்கைச் சொற்பொழிவு அல்ல, கணக்குதான். அதுவும் மேல்வகுப்புக் கணக்கு வேண்டாம், நீங்கள் சொல்லித் தரும் கணக்கின் அடியாழம். லிபிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றே முக்காலை அரையால் வகுக்கும் கணக்கைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்தார். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகப் போட்டார்கள். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் பாதிக்கும் குறைவானவர்களே விடைக்கு வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், சீன ஆசிரியர்கள் படித்த ஆண்டுகள் குறைவு. தொடக்கக் கணக்கிலேயே தோண்டிப் பார்க்க நிறைய இருக்கிறது என்று எண்ணி, வேலையில் சேர்ந்த பிறகும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் படித்தவர்கள் அவர்கள். நீங்களும் ஒரு தோழியைப் பிடித்துக்கொண்டு, "பத்து என்பதை எத்தனை விதமாகப் பிரிக்கலாம், எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டோம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?" என்பதிலிருந்து தொடங்கலாம்.

அறிவியல் ஆர்வலர், இரண்டாம் வகுப்பு: பதில் தெரியாத கேள்வியைப் பிள்ளை கேட்டுவிட்டால்?

முதலில் கேள்வியின் ரகத்தைப் பாருங்கள். "என் நிழல் ஏன் காலையில நீளமா இருக்கு?" என்பது செய்து பார்க்கக்கூடிய கேள்வி. ஒரு குச்சி, ஒரு சுண்ணக்கட்டி, ஒரு நாள் வெயில் போதும். "டைனோசர் ஏன் செத்துப்போச்சு?" என்பது புத்தகத்தில் தேட வேண்டியது. "தெரியல, நாளைக்குப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லுங்கள், மறுநாள் மறக்காமல் பதிலோடு வாருங்கள்.

ஐந்து வயது வகுப்பு ஆசிரியர்: மிதக்கும், மூழ்கும் சோதனை செய்து காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று எனக்கே சந்தேகம்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. நீங்கள் காட்டினீர்கள், அவர்கள் பார்த்தார்கள். வரிசையை மாற்றிப் பாருங்கள்.

ஒவ்வொரு பொருளையும் போடுவதற்கு முன்னால் பிள்ளை கையில் கொடுத்து, "என்ன ஆகும்? ஏன் அப்படி நினைக்கிற?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "கனமா இருக்கு, அதான் முழுகும்" என்பார்கள். நல்ல பதில் அது, ஒரு கொள்கை இருக்கிறது. அந்தக் கொள்கையை உடைக்கும் பொருளை நீங்கள் தயாராக வைத்திருக்க வேண்டும். பெரிய மரக்கட்டை ஒன்று, சின்ன இரும்புத் திருகாணி ஒன்று. கட்டை மிதக்கும், திருகாணி அடியில் கிடக்கும். வகுப்பு அமைதியாகிவிடும். அடுத்து தண்ணீரில் கரையாத மாடலிங் க்ளே. உருட்டிப் போட்டால் மூழ்கும், அதையே கிண்ணம் போல் வளைத்துப் போட்டால் மிதக்கும். "கனம் மாறலையே, அப்போ என்ன மாறுச்சு?"

இங்கே அடர்த்தி என்ற சொல்லை அவிழ்த்துவிடாதீர்கள், ஐந்து வயதுக்கு அது வெறும் சத்தம். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்க முடிந்த பொருள் மிதக்கும். கிண்ணம் அதிகத் தண்ணீரை ஒதுக்குகிறது, உருண்டையால் முடியவில்லை. இது தெரிந்தவருக்குத்தான் மரக்கட்டையையும் திருகாணியையும் தேர்ந்தெடுக்கத் தோன்றும். கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986இல் பேசத் தொடங்கிய ஆசிரியருக்கே உரிய அறிவு இதுதான்: பாடம் தெரிவது மட்டுமல்ல, பிள்ளை எங்கே இடறும், அங்கே எதை வைக்க வேண்டும் என்று தெரிவது.

செய்து காட்டுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2011இல் வெளியான ஒரு சோதனையில், பல வேலைகள் செய்யும் புது பொம்மையைப் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். "இது இப்படித்தான்" என்று ஒரு வேலையைப் பெரியவர் சொல்லித் தந்தபோது, பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், மற்றதைத் தேடவில்லை. அதே வேலை தற்செயலாக நடந்தது போலப் பார்த்த பிள்ளைகள் அதிகம் கண்டுபிடித்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் பொருட்களை வைத்துவிட்டுச் சற்று நேரம் நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தலைமை ஆசிரியர்: வகுப்பைப் பார்வையிடும்போது எதைக் கவனிப்பது?

சுவரில் தொங்கும் சார்ட்டை அல்ல. ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று மனசுக்குள் எண்ணுங்கள். மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து அளந்தபோது அது சராசரியாக ஒரு விநாடிதான் இருந்தது. அதையே மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வாயே திறக்காதவர்களும் பேசினார்கள். பார்த்ததை ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், பதிவேட்டில் எழுதி மிரட்டாதீர்கள்.

ஒரு பெற்றோர்: மூன்று வயதுக் குழந்தைக்கு எண் ஃபிளாஷ் கார்டு வாங்கலாமா?

தேவையில்லை. ஒன்று முதல் பத்து வரை வரிசையாகக் கட்டம் போட்ட ஓர் அட்டை வரைந்து, காய் நகர்த்தி விளையாடுங்கள், நான்கு வயதை நெருங்கும்போது. சீக்லரும் ரமணியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரத்தில் நான்கே முறை, பதினைந்து பதினைந்து நிமிடம் இப்படி விளையாடியதில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளின் எண் அறிவு நன்றாக உயர்ந்தது. எண் இல்லாமல் நிறம் மட்டும் இருந்த அட்டை அந்தப் பலனைத் தரவில்லை. ஒரு நுணுக்கம்: காய் நாலில் இருந்து இரண்டு கட்டம் நகர்ந்தால் "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லக் கூடாது, "அஞ்சு, ஆறு" என்று சொல்ல வேண்டும்.

ஆசிரியர் பயிற்றுநர்: நானும் உங்களைப் போலப் பயிற்சி நடத்துபவன். ஆக்டிவிட்டி கொடுக்காவிட்டால் ஆசிரியர்கள் ஏமாற்றமடைகிறார்கள். வேறு எதைக் கொடுப்பது?

மூன்று கணக்குகளைக் கொடுங்கள். "எட்டுப் பென்சிலில் மூன்றைத் தங்கைக்குக் கொடுத்தால் மீதி எத்தனை?" "என்னிடம் மூன்று பென்சில், எட்டு ஆக இன்னும் எத்தனை வேண்டும்?" "அக்காவிடம் எட்டு, என்னிடம் மூன்று, அக்காவிடம் எத்தனை அதிகம்?" அறையில் இருக்கும் எல்லாரும் "எல்லாமே எட்டில் மூன்றைக் கழிப்பதுதானே" என்பார்கள். பிறகு ஆறு வயதுப் பிள்ளை கட்டைகளை வைத்து இவற்றைப் போடுவதைக் காட்டுங்கள். முதலாவதில் எடுத்து விலக்குகிறது. இரண்டாவதில் மூன்றோடு சேர்த்துக்கொண்டே போகிறது. மூன்றாவதில் இரண்டு வரிசை வைத்து ஜோடி சேர்க்கிறது, அல்லது திகைத்து நிற்கிறது. பெரியவருக்கு ஒரே கணக்கு, பிள்ளைக்கு மூன்று. அந்த இடத்தில் ஆசிரியர்களின் முகத்தைப் பாருங்கள்!

கார்ப்பென்டர், ஃபெனிமா குழுவினர் செய்தது இதைத்தான். 1989இல் வெளியான அவர்களது ஆய்வில் 40 முதல் வகுப்பு ஆசிரியர்கள். பாதிப் பேருக்குக் கோடை விடுமுறையில் ஒரு மாதப் பயிற்சி. பாடத்திட்டமோ அட்டைகளோ தரவில்லை. பிள்ளைகள் கணக்கை எப்படி யோசிக்கிறார்கள் என்பதை மட்டும் படித்தார்கள், வகுப்பை அவர்களே வடிவமைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் கணக்குத் தீர்ப்பதில் முன்னே போனார்கள். எளிய கூட்டல், கழித்தலிலும் பின்தங்கவில்லை.

தொடர்ந்து நடத்த ஜப்பானியர்களின் 'பாட ஆய்வு' முறை நல்ல வடிவம். சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் ஆசிரியரைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். "நீ நன்றாக நடத்தினாய்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

தனி ஆசிரியை: எங்கள் பள்ளியில் நான் ஒருத்திதான். யாரோடு பேசுவது?

போனில் உங்கள் வகுப்பின் ஐந்து நிமிடத்தை ஒலிப்பதிவு செய்யுங்கள் (பெற்றோரிடம் சொல்லிவிட்டு). வீட்டில் கேட்கும்போது, நீங்கள் கேட்ட கேள்விகளை மட்டும் எழுதுங்கள். ஒரே சொல்லில் பதில் முடியும் கேள்விகளுக்கு ஒரு கோடு, பிள்ளை யோசிக்க வேண்டியவற்றுக்கு ஒரு வட்டம். அடுத்த வாரம் மறுபடி. வேறு ஊரில் இருக்கும் தோழி ஒருத்தி அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்க முன்வந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, இளம் ஆசிரியர் ஒருவர்: ஆன்லைன் சான்றிதழ்ப் படிப்பில் சேரலாமா?

பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பிள்ளைகள் பேசுகிற காணொளிகள் உண்டா? உங்கள் வகுப்பில் செய்து பார்த்து எழுதச் சொல்கிறார்களா? எழுதியதை ஓர் ஆள் படித்துப் பதில் சொல்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் சேருங்கள். காணொளி பார்த்து, சரியான விடைக்கு டிக் அடித்தால் சான்றிதழ் என்றால், பதவி உயர்வுக்கு அது தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள்.