தேடினால் வரிசையாகப் பால் கணக்கு ஆப்கள், என்னுடையது எங்கே?

கேள்வி: வீடு வீடாகப் பால் ஊற்றுபவர்களுக்காக ஒரு கணக்கு ஆப் செய்து பிளே ஸ்டோரில் போட்டேன். எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. ஆனால் தேடினால் ஒரே அச்சில் வார்த்த ஆப்கள் வந்து நிற்கின்றன. பாதி ஏஐ-யிடம் சொல்லிச் செய்தவை என்று பார்த்தாலே தெரிகிறது. என்னுடையதை எப்படி ஆட்கள் கண்ணில் படவைப்பது? (ஈரோடு வாசகர்)

பதில்: 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தபோது அங்கே இருந்தவை சுமார் 500 ஆப்கள்தான். அப்போது கடை விரித்தாலே யாராவது எட்டிப் பார்த்தார்கள். இப்போது ஒரு ஆப் செய்ய ஒரு சாயங்காலம் போதும், அதனால் கூட்டம். நகலெடுப்பது ஏஐ கொண்டுவந்த வியாதி இல்லை. 2022 ஜனவரியில் வேர்டில் என்ற சொல் ஊகிக்கும் விளையாட்டு பிரபலமானதும் ஆப் ஸ்டோரில் அதன் நகல்கள் முளைத்தன, ஆப்பிள் நீக்கியது. அசல் வேர்டில் அப்போது ஸ்டோரிலேயே இல்லை, வெறும் இணையப் பக்கம். விளையாடியவர்கள் தங்கள் முடிவைக் காட்டப் பகிர்ந்த பச்சை, மஞ்சள் கட்டங்கள்தான் அதைப் பரப்பின.

ஆகவே ஸ்டோர் தேடலை நம்பி உட்காராதீர்கள். உங்களுடையது புதிய தனிநபர் டெவலப்பர் கணக்கு என்றால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்ற கூகுள் விதியைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். அந்த 12 பேர் யார்? சக டெவலப்பர்கள் என்றால் வாய்ப்பு வீண். பால்காரர்கள் என்றால், முதலில் அவர்களுக்கு போன் போடுங்கள்.

அப்புறம் பெயர். பிளே ஸ்டோரில் தலைப்புக்கு 30 எழுத்துதான். தமிழில் அது சீக்கிரம் தீரும்: 'பால் கணக்கு' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினி எழுத்துகளை எண்ணும் யூனிகோடு முறையில் புள்ளி, கால், உகரக் குறி, இடைவெளி எல்லாம் சேர்ந்து 11. 'சிறந்த', 'ஸ்மார்ட்' போன்றவற்றைத் தூக்கிவிட்டு, உங்களிடம் மட்டும் இருப்பதைச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் பால் வாங்காத நாளைக் கழிக்கும் வசதி இருந்தால் முதல் ஸ்கிரீன்ஷாட் அதுவாகட்டும். லோகோ போட்ட படம் யாருக்கும் வேண்டாம்.

கடைசியாக, பால் சொசைட்டிக்கு ஒன்று, தீவனக் கடைக்கு ஒன்று என்று தனித்தனி கியூஆர் ஒட்டுங்கள். ஒவ்வொரு லிங்கிலும் வேறு யூடிஎம் பெயர் (லிங்கின் வாலில் சேர்க்கும் அடையாளக் குறிப்பு) கொடுத்தால், எந்தச் சுவரிலிருந்து ஆள் வந்தார் என்பதை, நீங்கள் ஆப்பை ஏற்றிய பிளே கன்சோல் தளம் காட்டும். ஒரு மாதம் பாருங்கள். ஆள் வராத இடத்து ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, வருகிற இடத்துக்கு ஒரு காலையில் நேரில் போய் நில்லுங்கள், பால் அளக்கும் நேரமாகப் பார்த்து.