சிறுகுடலில் பக்கப்பைகள்: அறுவை சிகிச்சை எப்போது தேவை?

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. ஒன்றரை வருடமாக வயிறு உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு. எடையும் குறைகிறது. ஹீமோகுளோபின் 8.4. எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி இரண்டிலும் ஒன்றுமில்லை. சி.டி. ஸ்கேனில் சிறுகுடலின் மேற்பகுதியில் நிறைய டைவர்ட்டிகுலம் (பக்கப்பை) இருப்பதாக வந்திருக்கிறது. லேப்ராஸ்கோபியில் (சிறு துளை வழி அறுவையில்) அவற்றை எடுத்துவிடலாமா?

பதில்: ஸ்கேனில் பை தெரிந்தது என்பது மட்டும் அறுவை சிகிச்சைக்குக் காரணம் ஆகாது. அந்தப் பை என்ன தொல்லை தருகிறது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ரத்தக் குழாய்கள் குடல் சுவரைத் துளைத்து நுழையும் இடத்தில் தசை பலவீனமாக இருக்கும். அந்த இடைவெளி வழியாக உள்தோல் வெளியே பிதுங்குவதுதான் இந்தப் பை. அங்கே உணவு தேங்கும், கிருமி பெருகும். அந்தக் கிருமிகள் உடலுக்குச் சேர வேண்டிய பி12 வைட்டமினைத் தின்றுவிடும். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

ஆகவே ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்.சி.வி. என்ற எண்ணைப் பாருங்கள். ரத்தச் சிவப்பணுக்களின் சராசரிப் பருமனைச் சொல்லும் எண் அது. 100-க்கு மேல் இருந்தால் பி12 குறைவா என்று பார்க்க வேண்டும். ஃபோலேட் அளவையும் சேர்த்துப் பாருங்கள். கிருமிகள் ஃபோலேட்டைத் தாமே உற்பத்தி செய்வதால், பி12 குறைந்து ஃபோலேட் கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். எம்.சி.வி. 80-க்குக் கீழே என்றால் கதை வேறு. ரத்தம் மெல்லக் கசிந்து இரும்புச்சத்து போகிறதா என்று மலப் பரிசோதனையும் கேப்சூல் எண்டோஸ்கோபியும் (கேமரா பொருத்திய மாத்திரையை விழுங்கிச் செய்யும் சோதனை) சொல்லும். குடல் அடைப்பு சந்தேகம் இருந்தால் கேப்சூலை விழுங்கக் கூடாது. அது உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பி12 குறைவு உறுதியானால் ஊசியும், கிருமிக்கு ரிஃபாக்சிமின் போன்ற ஆன்டிபயாடிக்கும் போதும். பி12 போடாமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறுவதுபோல் தெரியும், நரம்புச் சேதமோ உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பை வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவுவது, நிற்காத ரத்தப்போக்கு, பைக்குள் உருவான கல் நழுவி வந்து குடலை அடைப்பது, மருந்துக்கு அடங்காத தொல்லை ஆகியவற்றுக்குத்தான் அறுவை சிகிச்சை. ஒரு விஷயம்: இந்த நோயில் பை கிழியாமலே காற்று கசிந்து எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்கு அடியில் தெரிவதுண்டு. வயிறு மெத்தென்று, காய்ச்சல் இல்லாமல், ரத்த வெள்ளணுக்கள் சரியாக இருந்தால், மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்தாலே போதுமானதாக இருக்கலாம்.

லேப்ராஸ்கோபி என்றால் தொப்புளில் 10 மி.மீ. துளை, பக்கத்தில் 5 மி.மீ. துளைகள் இரண்டு. கரியமில வாயுவை 12 மி.மீ. பாதரச அழுத்தம் வரை ஏற்றி, சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து பெருங்குடலைச் சேரும் இடம்வரை கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பைகள் மெசென்டரி (குடலை வயிற்றின் பின்சுவரோடு இணைக்கும் மடிப்பு) ஒட்டும் பக்கத்தில், கொழுப்புக்குள் புதைந்திருக்கும். குடலின் ஒரு முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் எலுமிச்சை அளவுப் பைகூடத் தப்பிவிடும். ஒவ்வொரு வளையத்தையும் புரட்டி இரு முகத்தையும் பார்க்க வேண்டும்.

பிறகு தொப்புள் துளையை 4 முதல் 5 செ.மீ. வரை விரித்து, காயத்துக்கு உறை போட்டு, கெட்டுப்போன வளையத்தை வெளியே எடுத்து, வெட்டி, ஸ்டேப்ளரால் இணைப்பார்கள். மெசென்டரியில் விட்ட இடைவெளியைத் தைத்து மூடாவிட்டால் குடல் அதில் நுழைந்து சிக்கும். பை வெடித்த ஓட்டையை மட்டும் தைத்துவிட்டு வருவதை நான் ஏற்பதில்லை. பையின் சுவரில் தசை இல்லை, தையல் பிடிக்காது. அதேபோல் எல்லாப் பைகளையும் எடுக்கும் ஆசையும் வேண்டாம். மிஞ்சும் சிறுகுடல் 200 செ.மீ.க்குக் கீழே போனால் சத்து உறிஞ்சுவதே சிக்கலாகிவிடும். தொல்லை தரும் பகுதியை மட்டும் எடுப்பதே சரி. குடல் உப்பிப்போயிருந்தாலோ, ரத்த அழுத்தம் விழுந்திருந்தாலோ வயிற்றைத் திறந்து செய்வதுதான் பாதுகாப்பு.

அறுவைக்குப் பின் முதல் ஒரு வாரம் கவனம் தேவை. நாடித்துடிப்பு திடீரென ஏறுவது, புதிதாகக் காய்ச்சல், வலி கூடுவது எல்லாம் இணைப்பு கசிவதன் அறிகுறிகள், உடனே சொல்லுங்கள். அறுவை நடந்தாலும் நடக்காவிட்டாலும், மீதிப் பைகள் உள்ளேயே இருப்பதால் பி12 அளவை வருடம் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.