இட்லிப்பூச் செடி ஏன் வெளிறுகிறது? வாசகர் கேள்விகளுக்கு ஆச்சியின் பதில்கள்

கேள்வி (கானாடுகாத்தான்): ஆச்சி, வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி நான்கு இட்லிப்பூச் செடிகளை நட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கொழுந்து இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. மாட்டெருவும் கடலைப் பிண்ணாக்கும் மாதந்தோறும் வைத்தும் பலனில்லை. இன்னும் என்ன உரம் வைக்கலாம்?

பதில்: உரத்தை நிறுத்திவிட்டு அந்தச் சுவரைப் பாருங்கள். நம் செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் பூச்சு சுண்ணாம்புக் காரை. உதிரும் காரைத் துணுக்குகளும் மழையில் கரையும் சுண்ணாம்பும் சுவரடி மண்ணில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும். இட்லிப்பூவோ புளிப்பு மண்ணை விரும்பும் செடி. மண்ணின் கார அமில நிலை (pH) 5 முதல் 6 வரை இருந்தால் அதன் வேர் இரும்பை எளிதாக எடுத்துக்கொள்ளும். நம் செம்மண்ணுக்கு அந்த நிறமே இரும்பால் வந்ததுதான் என்றாலும், சுண்ணாம்பு ஏறிய இடத்தில் அந்த இரும்பு கரையாமல் கிடப்பதால், மண்ணில் இருந்தும் செடிக்கு எட்டுவதில்லை. தழைச்சத்துக் குறைவு என்றால் முதலில் முதிர்ந்த இலைகள் முழுவதுமாக வெளிறும். உங்கள் செடியில் கொழுந்து வெளிறி நரம்பு பச்சையாக இருப்பது இரும்புக் குறைவின் அடையாளம். இயன்றால் செடிகளைச் சுவரிலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளி வையுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): எங்கள் செடிக்கும் அதே நிலைதான்; ஆனால் பெரிய செடி, பெயர்த்து நட முடியாது. அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) போடலாமா?

பதில்: சுண்ணாம்பு மண்ணில் போட்டால் அன்னபேதியும் விரைவில் கரையாத நிலைக்குப் போய்விடும். ஒரு லிட்டர் நீருக்கு அன்னபேதி 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கலந்து, மாலை வெயில் தாழ்ந்த பின் இலைகளில் தெளியுங்கள். பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை தெளித்தால் புதுக் கொழுந்து பச்சையாக வரும். முகப்பில் ஆத்தங்குடித் தரைக்கல் பதித்திருந்தால் முதலில் சாக்கு விரித்து மூடிவிடுங்கள். நான் மூடாமல் தெளித்ததால் விழுந்த துருக்கறை இன்றும் என் வீட்டுத் தரையில் இருக்கிறது.

கேள்வி (தேவகோட்டை): தொட்டியில் புதுமண் நிரப்பி வைத்த செடியும் ஓராண்டில் வெளிறிவிட்டது. அங்கே சுவரே இல்லையே?

பதில்: சுவர் இல்லாவிட்டாலும் ஆழ்துளைக் கிணற்று நீர் இருக்கிறதே! கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் நீரை நாள்தோறும் ஊற்றுவது, சிறுகச் சிறுகச் சுண்ணாம்பு வைப்பதற்கு ஒப்பாகும். முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து வைத்த வீடுகள் நம்முடையவை. ஐப்பசி, கார்த்திகை மழையை அப்படிச் சேமித்து இந்தச் செடிக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி (காரைக்குடி): மாதந்தோறும் கத்தரித்து வேலியாக அழகாக வைத்திருக்கிறோம். பூவே வருவதில்லை.

பதில்: பூங்கொத்து கிளையின் நுனியில்தான் வரும், நீங்கள் மொட்டையே வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் இலேசாகக் கத்தரித்தால் போதும். நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலும் வேண்டும்.

கேள்வி (ஆத்தங்குடி): இலைமேல் கரி படிந்தது போல் கறுப்பு, எறும்பும் ஊர்கிறது.

பதில்: இலையைத் திருப்பிப் பாருங்கள், மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீரில்தான் அந்தக் கரும்பூசணம் வளர்கிறது, எறும்பு வருவதும் அதற்காகவே. வேகமாக நீர் பீய்ச்சிக் கழுவி, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து வாரம் ஒரு முறை தெளியுங்கள்.

கேள்வி (கோட்டையூர்): பதியன் போடத் தெரியாது. கிளையை வெட்டி நடலாமா? இதுதான் பழந்தமிழ்ப் போர்ப் பாடல்களின் புறத்திணையில் வரும் வெட்சியா?

பதில்: ஆம், பகைவரின் ஆநிரை (பசுக்கூட்டம்) கவரச் சென்றவர் சூடிய வெட்சி இதுவே என்பர், தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். மிக இளசும் மிக முற்றலும் இல்லாத, பூவற்ற கிளையில் ஐந்து அங்குலம் வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த தொட்டியில் நிழலில் ஊன்றுங்கள். வேர்விட ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதுவரை பிடுங்கிப் பார்க்காதீர்கள்.